ஊசி நாளும் பயிற்சி நாளும்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். ஐந்து மணிக்கு மோட்டார் போட்டேன், ஐந்தேகாலுக்கு நிறுத்தினேன். வாசல் கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து இரண்டு பால் பாக்கெட்டுகளை எடுத்து வந்து காபி போட்டேன். 5.30க்கு மனைவியின் வலது கையை அளந்தேன். அவளாக விரல்களைத் திறக்கச் சொல்லி, நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். 2.6 சென்டிமீட்டர் இருந்தது. நோட்டில் எழுதினேன். இரவு ஒன்பது மணிக்கு மறுபடி அளப்பது வழக்கம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் நாங்கள் வைத்திருந்த அக்கா எட்டு மணிக்கு வந்ததும் பள்ளிக்குக் கிளம்பினேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது முந்தைய ஆண்டு மார்ச் மாதத்தில். ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை நான் குனியவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் பேச்சு திரும்பிவிட்டது. ஐந்து மாதத்தில் கைத்தடி வைத்து நடந்தாள். கை மட்டும் வேறு வழியில் போனது. முதலில் துணிபோலத் தொங்கிய கை, பிறகு மெல்ல மெல்ல இறுகி, முழங்கை மடங்கி, மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. மூளையிலிருந்து வர வேண்டிய "போதும், விடு" என்ற கட்டளை வராததால் தசை பிடித்தபடியே இருக்கிறது என்று மருத்துவமனையில் விளக்கினார்கள். முயற்சி செய்யச் செய்ய, கவலைப்படக் கவலைப்பட, இறுக்கம் கூடும் என்றும் சொன்னார்கள்.

அந்தக் கையைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். இருபத்துமூன்று வருடம் என் ஸ்கூட்டரில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவள் அவள். வலது கை என் தோளில் இருக்கும். கேம்ப் ரோட்டில் நான் வேகம் எடுத்தால் இரண்டு விரல் அழுத்தும். வேகத்தைக் குறைத்தால் விரல்கள் லேசாகிவிடும். வாய் திறந்து "மெதுவா" என்று அவள் சொன்னதாக நினைவில்லை. இப்போது ஆட்டோவில் போகிறோம். பள்ளிக்கு மட்டும் தனியாக ஸ்கூட்டரில் போகிறேன். சிக்னலை நெருங்கும்போது இடது தோள் எதற்கோ காத்திருப்பதுபோல் இருக்கும்.

ஆனால் அவள் ஏங்கியது ஸ்கூட்டருக்கு அல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் ஆலயத்தில் திருவிருந்து. முன்னால் போய் முழங்காலிட்டு, இடது உள்ளங்கையின்மேல் வலது உள்ளங்கையை விரித்து வைத்து நீட்டினால், ஆயர் அதில் அப்பத்தை வைப்பார். மூடிய கையுடன் அவள் போகவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஆயரே சொன்னார்: "இடது கையில வாங்கிக்கோங்கம்மா. கர்த்தர் அதையெல்லாம் பார்க்கமாட்டார்."

"சரிங்க ஐயா" என்றாள். அவர் காலணி மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிய பிறகு என்னிடம், "அவர் பார்க்கமாட்டாரு. நான் பார்ப்பேன்ல? ஒருத்தர்கிட்ட ஒரு வாழைப்பழம்கூட இடது கையில வாங்கினதில்ல. இதைப் போய் வாங்குவேனா?" என்றாள். கை விரிந்தால் வருகிறேன் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து முதல் ஞாயிறுகளில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் போவதற்காகக் கால்களை ஒடுக்கிக்கொள்வாள். நான் மட்டும் போய் முழங்காலிடுவேன். என் பக்கத்து இடத்தில் யாராவது வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அது யார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். இந்த வாரம் புதன்கிழமை லெந்து, அதாவது தவக்காலம், தொடங்குகிறது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் இருந்தது.

அக்குபஞ்சர் தொடங்கியது 2023 அக்டோபர் 16 அன்று. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால், தரைத்தளத்தில் இருக்கிறது அந்த மருத்துவரின் அறை. முப்பத்தைந்து வயது இருக்கலாம் அவருக்கு. மயிரிழை ஊசிகள். தோளில் இரண்டு, முழங்கைக்கு மேலும் கீழும், மணிக்கட்டுக்குப் பின்னால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே என்று பதினொன்று. அவற்றில் நான்கில் சிறு கவ்விகளை மாட்டி, மெல்லிய மின் துடிப்பு கொடுப்பார். அரை மணி நேரம். ஊசிகளைக் குத்தும்போது என் மனைவி வகுப்பில் பிள்ளைகளை எண்ணுவதுபோல் சத்தமாக எண்ணுவாள். எடுக்கும்போதும் எண்ணுவாள். நான் மனதுக்குள் எண்ணுவேன்.

"ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப் போனாதான் வீட்டுக்கு விடுவேன்" என்பார் மருத்துவர்.

முதல் நாளே அவர் தெளிவாகச் சொன்னார். இது மட்டும் போதாது, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் கொடுக்கும் பயிற்சியும் நடக்க வேண்டும். "பிசியோகிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா சார்?" என்று கேட்டார். "வேண்டாம் டாக்டர், நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் வேலைதான் காரணம். பத்தொன்பது வருடமாக எங்கள் பள்ளியின் கால அட்டவணையைப் போடுபவன் நான். முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்துநான்கு வகுப்புகள். கணக்கையும் அறிவியலையும் அடுத்தடுத்து வைக்கமாட்டேன். விளையாட்டு நேரம் முடிந்த கையோடு தேர்வு வராது. கனமான ஒன்றுக்குப் பிறகு இளைப்பாற ஒன்று, இதுதான் என் முறை. வீட்டுக்கு வந்து அதே முறையில் ஒரு தாளில் கட்டம் போட்டேன். திங்கள், புதன், வெள்ளி ஊசி. செவ்வாய், வியாழன், சனி பயிற்சி. ஞாயிறு ஆலயம். ஒரே நாளில் இரண்டும் வரக் கூடாது என்று கீழே எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது.

ஊசி நாளில் வீடு திரும்பும்போது கை தளர்ந்திருக்கும். எட்டு, எட்டரை மணி வரை அப்படி இருக்கும், பிறகு மெல்ல மூடும். இது எனக்குத் தெரியும். பூசிய சிமெண்டை யாரும் மிதிக்காமல் காய விடுவதுபோல், அந்தத் தளர்ச்சியைக் கலைக்காமல் இருந்தால் அது நிலைத்துவிடும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அதனால் அந்த நேரத்தில் அவளைப் படுக்கச் சொல்வேன். யாரையும் கேட்டு எடுத்த முடிவல்ல.

இந்தத் திங்கட்கிழமை மாலை 4.15க்கு, நான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, பிசியோ கூப்பிட்டார். பொழிச்சலூர்க்காரர், நாற்பது வயது, பதினைந்து வருட அனுபவம்.

"சார், நாளைக்குப் பொண்ணு ஸ்கூல் அட்மிஷனுக்குப் போவணும். இன்னிக்கே வந்துடட்டா? ஆறு, ஆறே காலுக்கு."

"இன்னிக்கு ஊசி நாளாச்சே. ரெண்டும் ஒரே நாள்ல வேண்டாமே."

"அப்போ வியாயக்கெழமதான் சார்."

ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். புடவை மடிப்பை இடது கையால் சரிசெய்துகொண்டே, "வரட்டும்ங்க. ஒரு நாள் உங்க சட்டம் உடைஞ்சா ஸ்கூல் இடிஞ்சு விழுந்துடாது" என்றாள்.

வரச் சொன்னேன். மனமில்லை.

ஐந்து மணிக்கு ஊசி. பதினொன்று போனது, பதினொன்று வந்தது. 6.05க்கு வீட்டில் இருந்தோம். 6.20க்கு அவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "இன்னா டீச்சர், ஒரு நாள் முன்னாடியே பனிஷ்மெண்ட்டு" என்றார்.

"நாளைக்கு ஆப்சென்ட் ஆகப் போறது நானில்ல" என்றாள் அவள்.

சிரித்தபடி மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சிரிப்பு நின்றது. முழங்கையை மெல்ல நீட்டினார். வழக்கமாகப் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும் கை, நீண்டுகொண்டே போனது. மடக்கினார். மறுபடி நீட்டினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"சார், இன்னா பண்ணீங்க கைய?"

"ஒண்ணும் பண்ணல. ஊசி போட்டுக்கிட்டு வந்தோம்."

"ஊசி போட்டா எப்பவும் இப்டிதான் கீதா?"

"ஆமாம். எட்டரை வரைக்கும் இருக்கும்."

"அப்போ டீச்சர் இன்னா பண்ணுவாங்க?"

"படுத்துப்பாங்க. ஓய்வு."

அவர் என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். நான்கு மாதமாக அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்கிறார். என்னவோ சொல்ல வாயெடுத்து, தலையைச் சொறிந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கதவு தொறந்து கீற நாள்ல என்னை வராதன்றீங்க. பூட்டிக்கினு கீற நாளாப் பாத்து கூப்ட்டு, தள்ளுன்றீங்க. நானும் தள்ளிக்கினே கீறேன். டீச்சர் வலில பல்லக் கடிச்சிக்கினு கீறாங்க."

அவர் என்னிடம் மருத்துவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். நான்கு மாதத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை. மருத்துவர் முதலில் குழம்பினார்.

"ட்ரீட்மெண்ட் முடிஞ்சதும் பயிற்சி நடக்குதுன்னுதானே நான் நினைச்சிட்டிருக்கேன்? ஊசி கையைக் கொஞ்ச நேரம் தளர வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துல கைக்கு வேலை கொடுத்தாதான் மூளை திரும்பக் கத்துக்கும். சார்கிட்ட முதல் நாளே பயிற்சி பத்திச் சொன்னேனே?"

"சொன்னீங்க டாக்டர்" என்றேன். "நேரத்தைக் கேட்காம விட்டது நான்தான்."

"நானும் திரும்பக் கேட்டிருக்கணும் சார். எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நீங்க ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க" என்றார் மருத்துவர்.

ஒழுங்காகத்தான் நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

6.35க்குத் தொடங்கினார்கள். மேசைமேல் துண்டு விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளித் துடைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் நான்கு முறைக்கே அவள் நெற்றி வியர்த்துவிடும். இன்று இருபது முறை தள்ளினாள். பிறகு பிளாஸ்டிக் டம்ளர். பிடிப்பது அவளுக்கு எப்போதும் முடியும், விடுவதுதான் முடியாது. பிடித்ததை நானோ பிசியோவோ விரல் விரலாகப் பிரித்து எடுப்போம். முதல் இரண்டு முறை டம்ளர் அவள் கையோடு வந்தது. மூன்றாவது முறை பிசியோ, "விடுன்னு நெனைக்காதீங்க. மறந்துடுங்க. சார் இன்னிக்கு இன்னா கொழம்பு வப்பாரு?" என்றார்.

"அவர் எங்க வச்சார்? காலையில அக்கா வச்ச..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கை விலகியிருந்தது. டம்ளர் மேசையில் தனியாக நின்றது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் யாரும் சொல்லாமலே இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். வலது கையை அதன்மேல் கொண்டுவந்து, மெல்லத் திருப்பினாள். மணிக்கட்டு நடுங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுதாக நீளவில்லை. ஆனால் உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது, திறந்திருந்தது. நடுவில் நகங்கள் அழுத்திய பிறைபோன்ற தடங்கள் நான்கு. நான் தினமும் பிரித்து, துடைத்து, பவுடர் போடும் உள்ளங்கைதான் அது. ஆனால் அவளாகத் திறந்து நான் பார்த்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

"இது இன்னா டீச்சர்? இத நான் சொல்லிக் குடுக்கலியே" என்றார் பிசியோ.

"இது எங்க சிலபஸ்" என்றாள்.

பழக்கம் விடவில்லை, நான் எண்ணினேன். பத்தொன்பதாவது நொடியில் ஆள்காட்டி விரல் சுருளத் தொடங்கியது.

"ஈஸ்டருக்குள்ள நல்லா விரியுமா?" என்று அவரிடம் கேட்டாள். குரலில் விளையாட்டு இல்லை.

"தேதி மட்டும் கேக்காதீங்க டீச்சர். நான் ஒரு தேதி சொன்னா சார் அதையும் எழுதி ஒட்டிடுவாரு." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "புதன்கெழம ஊசி முடிஞ்சதும் கூப்டுங்க. எங்க இருந்தாலும் வந்துர்றேன்" என்றார். 7.25க்குக் கிளம்பினார்.

அவள் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். படுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டில் நான்கு பூண்டுப் பற்களைப் போட்டு வலது விரல்களால் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பழைய நோட்டை எடுத்தேன். பதினேழு வாரம், ஐம்பத்தொரு ஊசி நாள். தெருவில் தண்ணீர் நின்ற டிசம்பர் வாரத்தில் மூன்று போயிற்று. ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், குடியரசு தினம். மிச்சம் நாற்பத்துமூன்று மாலைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் அந்தக் கை திறந்திருந்திருக்கிறது. காலை 5.30க்கும் இரவு 9க்கும் நான் எடுத்த அளவுகள் வரிசையாக இருந்தன. எழுதிய எண்களில் பிழை இல்லை. கை திறந்திருந்த நேரத்தில் மட்டும் நான் ஸ்கேலை எடுக்கவே இல்லை.

அளவுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதும் பழக்கமும் உண்டு. அக்டோபர் 30, திங்கள்: "மாலை கை லேசாக இருப்பதாகச் சொன்னாள். கீரை ஆய்ந்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று படுக்க வைத்தேன்." நவம்பர் 17, வெள்ளி: "தூக்கம் வரவில்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றேன்." டிசம்பர் 20, புதன்: "கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தானே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள். நானே பிரித்துக் கட்டினேன்." ஜனவரியில் இப்படிக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

நான் வேறு எதையும் அவ்வளவு விரும்பியதில்லை. அந்த நாற்பத்துமூன்றில் ஒன்று, ஒரே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும். அந்த அக்டோபர் முப்பது. முறத்தில் கீரையைக் கொட்டி அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். படித்துக் காட்டினேன். நாற்பத்துமூன்று என்றும் சொன்னேன்.

"நானும்தானே படுத்தேன்? கட்டிப் போட்டா படுக்க வச்சீங்க?" என்றாள். பூண்டு தட்டிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆனா அந்தக் கீரைய அன்னிக்கு ஆய்ஞ்சிருப்பேன். நல்லா நினைவிருக்கு. கை அவ்வளவு லேசா இருந்துச்சு."

8.40க்கு விரல்கள் மூடத் தொடங்கின. ஒன்பது மணிக்கு அளந்தேன், 2.7. எழுதினேன். குறிப்புப் பகுதியில் "டம்ளரை விட்டாள்" என்று எழுதினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை 4.50க்கு எழுந்தபோது அவளும் விழித்திருந்தாள். கை இறுகி மார்போடு ஒட்டியிருந்தது. மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, படுக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடைசிப் பாடவேளையிலிருந்து எனக்கு விலக்கு வேண்டும், ஈடாக மற்ற நாட்களில் கூடுதல் வகுப்பு எடுக்கிறேன் என்று. ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் ஊசியை நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். அவள் களைப்பதற்கு முன்பே, ஐந்தரைக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்துவிடலாம். இதே கோரிக்கையோடு என் முன்னால் வந்து நின்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கும் நான் கொடுத்ததில்லை.

"காரணம்னு என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"மனைவியின் சிகிச்சை."

"அப்படியே இருக்கட்டும். ஆனா 'பணிவுடன்'னு சேர்த்துக்கோங்க. உங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்ல."

சேர்த்துக்கொண்டேன். கையெழுத்திட்டு, தேதி போட்டேன்.